நேரிய சார்பும் அதன் நேர்மாறும்: எல்லையோரப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். வேலந்தாவளம், எருத்தேம்பதி, வண்ணாமடை, ஒழலப்பதி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒரே பாயில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் மீடியம். மீதிப் பேர் தினமும் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போய்த் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கிறவர்கள். அந்தப் பாதிக்கு நான் டீச்சர், இந்தப் பாதிக்கு மிஸ். ஆனால் இரண்டு கூட்டமும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். நேரிய சார்பு வரைக்கும் நன்றாக வருவார்கள். ‘இதற்கு நேர்மாறு கண்டுபிடி’ என்றதும் பேனா நின்றுவிடும். அவர்கள் கேட்டதையும் அவர்கள் வீட்டில் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

படிக்கும் முன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் எக்ஸ், ஒய், எஃப் என்று எழுதுவதை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். உள்ளே கொடுப்பது க, வெளியே வருவது வ, சார்பின் பெயர் சா. சா(4) என்றால், சா என்கிற சார்புக்கு 4ஐக் கொடுத்தால் என்ன வருமோ அது. பரீட்சையில் உங்கள் புத்தகத்து எழுத்தையே எழுதுங்கள்.

சார்பு என்றால் என்ன? வரையறை மனப்பாடமாக இருக்கிறது, ஆனால் புரியவில்லை.

ஆட்டோவில் ஏறுகிறீர்கள். போன தூரம் தெரிந்தால் கூலி தெரியும். அதுவும் ஒரே ஒரு கூலிதான். ஐந்து கிலோமீட்டர் போனதற்கு 82.50 ரூபாயும் சரி, 110 ரூபாயும் சரி என்றால் டிரைவரோடு சண்டை வரும். ஒன்றைக் கொடுத்தால் ஒன்றே ஒன்று வர வேண்டும். எதைக் கொடுத்தாலும் ஏதோ ஒன்று வந்தே ஆக வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் சார்பு.

கொடுக்கக்கூடியவை எல்லாம் சேர்ந்தது மதிப்பகம். உண்மையிலேயே வெளியே வருகிறவை எல்லாம் சேர்ந்தது வீச்சகம். ‘இந்த மாதிரி எண்கள் வரலாம்’ என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் பெரிய கணம் துணை மதிப்பகம். இந்தக் கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. கீழே கரண்ட் பில்லுக்கு வரும்போது அது தெளிவாகிவிடும்.

நேரிய சார்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு கூட வேண்டும், அல்லது ஒரே அளவு குறைய வேண்டும். அவ்வளவுதான். எழுதினால் வ = மக + ப என்று வரும். ம என்பது சாய்வு, ப என்பது வெட்டுத்துண்டு. ம பூச்சியம் ஆகக்கூடாது என்று தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகம் சொல்கிறது. பூச்சியம் ஆனால் அது மாறிலிச் சார்பு. எதைக் கொடுத்தாலும் ஒரே பதில். இந்த ஒரு நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பது நேர்மாறுக்குப் போகும்போது தெரியும்.

கேரளப் பாடத்தில் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பத்தாம் வகுப்பில் முதல் பாடமே ஒரே அளவு கூடிக்கொண்டு போகும் எண் வரிசை. மலையாளத்தில் ‘சமாந்தர ஸ்ரேணி’ என்கிறார்களே, அதேதான். 8, 11, 14, 17 என்று போகும் வரிசையில் எத்தனையாவது உறுப்பு என்பதை மூன்றால் பெருக்கி ஐந்தைக் கூட்டினால் உறுப்பு வருகிறது. அது நேரிய சார்பேதான். 1, 2, 3 என்ற முழு எண்களை மட்டும் கொடுக்கிறீர்கள் என்பதுதான் வித்தியாசம். ஆகவே ‘எங்களுக்குச் சார்பே நடத்தவில்லை’ என்று யாரும் சொல்ல வேண்டாம். பெயர் சொல்லாமல் நடத்தியிருக்கிறார்கள்.

ஆட்டோ கூலிச் சூத்திரத்தில் ஏழரை ரூபாய் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது?

இது என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது. இந்த ஒரு கேள்வியில் வெட்டுத்துண்டு மொத்தமும் அடங்கியிருக்கிறது என்பதால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

கேரளத்தில் 2022 மே மாதம் நிர்ணயித்த கட்டணம் இது: முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சம் 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். ராத்திரிக் கட்டணம், காத்திருப்பு, திரும்பும் காலி ஓட்டம் எல்லாவற்றையும் இப்போதைக்குத் தள்ளி வைப்போம். தூரம் தூ, கூலி கூ என்று வைத்துக்கொண்டால், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல்

கூ = 30 + 15 × (தூ − 1.5)

பிரித்துச் சுருக்கினால் கூ = 15 தூ + 7.5.

அந்தப் பெண் இந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, “டீச்சர், ஏழரை ரூபாய்னு யாருமே வாங்க மாட்டாங்களே, இது யார் காசு?” என்றாள். நோட்டில் ஒரு கோடு போடச் சொன்னேன். ஒன்றரைக் கிலோமீட்டரை கிலோமீட்டருக்கு 15 என்று கணக்குப் போட்டால் எவ்வளவு? 22.50. ஆனால் வாங்குவது 30. அதிகமாக வாங்கியது 7.50. அந்த ஏழரை முதல் ஒன்றரைக் கிலோமீட்டரிலேயே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் எவ்வளவு தூரம் போனாலும் அது கூடவே வரும், கூடாது, குறையாது.

வரைபடத்தில் அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து இடப்பக்கம் நீட்டினால் நிலைக்குத்து அச்சை 7.5இல் வெட்டும். ஆனால் அது நீட்டிய கோடு. நிஜக் கட்டணம் அங்கே 30இல் படுத்துக் கிடக்கிறது. இந்தப் ‘படுத்துக் கிடக்கும்’ பகுதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்வு, சரிவு, ஸ்லோப் மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் சாய்வு. மலையாள வகுப்பில் ‘சரிவு’ என்று காதில் விழும். பிளஸ் ஒன் போனால் பாடமே ஆங்கிலத்தில் வரும். வலப்பக்கம் ஒரு அலகு நகர்ந்தால் எத்தனை அலகு ஏறுகிறோம் என்பதற்குத்தான் இத்தனை பெயரும்.

தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துக் கேரளத்திலேயே பிளஸ் ஒன் அறிவியல் பிரிவு எடுப்பவர்களுக்கு முதல் இரண்டு மாதம் கஷ்டம் இந்தப் பெயர்களில்தான். கணக்கு ஏற்கெனவே தெரிந்ததாகவே இருக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று பத்தி போட்டு, ஒரே பொருளுக்கு மூன்று மொழியிலும் என்ன பெயர் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். என் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயமாகச் செய்ய வைக்கிறேன். மதிப்பகம், வீச்சகம், சாய்வு, வெட்டுத்துண்டு, நேர்மாறு என்று இருபது வார்த்தைக்குள் இந்தப் பாடம் அடங்கிவிடும்.

நேர்மாறு சார்பு என்றால் என்ன?

பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைத் தேடுவது.

தூரம் தெரிந்தால் கூலி சொல்வது சார்பு. கூலி தெரிந்தால் தூரம் சொல்வது அதன் நேர்மாறு. சித்தூரிலிருந்து வந்த உங்கள் மாமா 127 ரூபாய் 50 காசு ஆச்சு என்கிறார். எவ்வளவு தூரம்? 127.50இலிருந்து ஏழரையை எடுத்தால் 120. பதினைந்தால் வகுத்தால் 8. எட்டுக் கிலோமீட்டர். இதை எழுத்தில் எழுதினால்

தூ = (கூ − 7.5) ÷ 15

இதுதான் நேர்மாறு. முன்னே பெருக்கிக் கூட்டினோம். பின்னே கழித்து வகுத்தோம்.

ஏன் முதலில் கழிக்க வேண்டும்? முதலில் வகுத்தால் என்ன?

என்னிடம் வரும் விடைத்தாள்களில் பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. சா(க) = 3க + 5 என்று கொடுத்தால் நேர்மாறு வ ÷ 3 − 5 என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றால் பெருக்கியதற்கு மூன்றால் வகுத்தாச்சு, ஐந்தைக் கூட்டியதற்கு ஐந்தைக் கழித்தாச்சு, அப்புறம் எப்படித் தப்பு என்று கேட்கிறார்கள். எதை எதிர்க்க வேண்டும் என்பது சரி. எந்த வரிசையில் என்பதுதான் தவறு.

வேலந்தாவளத்துப் பையன் ஒருவன் கோயம்புத்தூர் பக்கம் போகிறான் என்று வையுங்கள். வீட்டிலிருந்து கிளம்பினால் முதலில் கடைத்தெரு, அப்புறம் செக்போஸ்ட். திரும்பி வரும்போது முதலில் செக்போஸ்ட், அப்புறம்தான் கடைத்தெரு. திரும்பும்போதும் முதலில் கடைத்தெருதான் வரும் என்று நின்றால் வீடு போய்ச் சேர முடியாது. கடைசியாகத் தாண்டியதை முதலில் தாண்ட வேண்டும்.

எண் போட்டுப் பாருங்கள். 4ஐக் கொடுத்தால் 3 × 4 + 5 = 17. இப்போது 17இலிருந்து 4க்குத் திரும்ப வேண்டும். வகுத்துக் கழித்தால் 17 ÷ 3 − 5, ஏறத்தாழ 0.67. நாலு வரவில்லை. கழித்து வகுத்தால் (17 − 5) ÷ 3 = 12 ÷ 3 = 4. வந்துவிட்டது.

நேர்மாறு எழுதி முடித்ததும் ஏதாவது ஒரு எண்ணைப் போட்டு இப்படிப் போய் வந்து பாருங்கள். அரை நிமிஷ வேலை. பரீட்சையில் யாரும் கேட்கமாட்டார்கள், மார்க்கும் கிடையாது. ஆனால் உங்கள் விடை சரியா என்று பக்கத்துப் பெஞ்சைப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

‘மேலே −1’ என்று எழுதுகிறோமே. அப்படியென்றால் ஒன்றின் கீழ் சா தானே?

இல்லை. இது குறியீடு செய்யும் குழப்பம், உங்கள் தவறு இல்லை.

எண்ணின் மேலே −1 போட்டால், அதாவது 5⁻¹ என்றால், ஐந்தில் ஒன்று. சார்பின் பெயருக்கு மேலே −1 போட்டு சா⁻¹ என்று எழுதினால், ‘சா செய்ததைத் திருப்பிச் செய்’ என்று பொருள். சா(க) = 3க + 5 என்றால் சா⁻¹(17) என்பது 4. ஆனால் ஒன்றின் கீழ் சா(17) என்பது 56இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

தமிழிலும் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் ஒன்றின் கீழ் க என்பதைத் ‘தலைகீழ்ச் சார்பு’ என்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் வரும் ‘நேர்மாறு சார்பு’ வேறு. பேச்சில் இரண்டையும் ‘தலைகீழ்’ என்றே சொல்லிவிடுகிறோம். அதனால்தான் நான் வகுப்பில் நேர்மாறு என்ற வார்த்தையை மட்டுமே பிடிவாதமாகப் பயன்படுத்துகிறேன்.

எல்லாச் சார்புக்கும் நேர்மாறு உண்டா?

கிடையாது. இப்போது அந்தப் ‘படுத்துக் கிடக்கும்’ பகுதிக்கு வருவோம்.

ஆட்டோவுக்கு 30 ரூபாய் கொடுத்தேன். எவ்வளவு தூரம் போனேன்? சொல்ல முடியுமா? அரைக் கிலோமீட்டராக இருக்கலாம், ஒன்றேகால் கிலோமீட்டராக இருக்கலாம், ஒன்றரையாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் அதே முப்பதுதான். தூரத்திலிருந்து கூலிக்குப் போனபோது ஒரே பதில் கிடைத்தது. கூலியிலிருந்து தூரத்துக்குத் திரும்பும்போது ஏகப்பட்ட பதில். சார்பு என்றால் ஒன்றே ஒன்று வர வேண்டும் என்றோமே, அது இங்கே உடைகிறது. ஆகவே அந்தப் பகுதிக்கு நேர்மாறு இல்லை. ஒன்றரைக்கு மேலே போனால் உண்டு.

ஒன்றுக்கொன்றான சார்பு என்று புத்தகம் சொல்வது இதைத்தான்: இரண்டு வெவ்வேறு எண்களுக்கு ஒரே பதில் வரக்கூடாது. வரைபடத்தில் கிடைமட்டமாக ஸ்கேலை வைத்து மேலும் கீழும் நகர்த்துங்கள். எங்காவது வரைபடத்தை ஒரு புள்ளிக்கு மேல் வெட்டினால் ஒன்றுக்கொன்று இல்லை. முப்பது ரூபாய் உயரத்தில் ஸ்கேலை வைத்தால் கோடு முழுக்க ஸ்கேலோடு ஒட்டிக்கொள்ளும்.

சாய்வு பூச்சியமாகாத நேரிய சார்பை எண்கோடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு நேர்மாறு உண்டு என்று சொல்லலாம். ஏறிக்கொண்டே போகும் கோடு பழைய உயரத்துக்குத் திரும்பி வராது. இறங்கும் கோடும் அப்படியே. பூச்சியச் சாய்வு மட்டும்தான் எல்லாவற்றையும் ஒரே பதிலில் போட்டு நசுக்கிவிடுகிறது.

வர்க்கச் சார்புக்கு நேர்மாறு இல்லை என்கிறார்கள், ஆனால் வர்க்கமூலம் எடுக்கிறோமே?

நல்ல கேள்வி. 5க்கும் −5க்கும் வர்க்கம் 25தான். ஆகவே எல்லா எண்களையும் கொடுக்கலாம் என்றால் நேர்மாறு இல்லை. பூச்சியமும் அதற்கு மேலும் மட்டும்தான் கொடுப்போம் என்று மதிப்பகத்தைக் குறுக்கிக்கொண்டால் உண்டு, அதுதான் வர்க்கமூலம்.

நிலக்கணக்கில் இதை நாம் யோசிக்காமலே செய்கிறோம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சதுரமான ஒரு சென்ட் நிலத்தின் பக்கம் எவ்வளவு என்றால் ஏறத்தாழ 20.87 அடி என்று சொல்லிவிடுவோம். மைனஸ் 20.87 அடி என்று யாரும் சொல்வதில்லை. வேலிக்கு மைனஸ் நீளம் கிடையாது என்று நிலமே மதிப்பகத்தைக் குறுக்கிவிட்டது.

வீச்சகத்துக்கும் துணை மதிப்பகத்துக்கும் கரண்ட் பில் உதாரணம் சொல்கிறேன் என்றீர்களே?

கேரள மின்வாரியத்தில் வீட்டு இணைப்புக்கு மாதக் கணக்கில் 250 யூனிட் வரை படிப்படியான விலை: முதல் படிக்கு ஒரு விலை, அடுத்த படிக்குச் சற்றுக் கூடுதல் என்று போகும். 250ஐத் தாண்டினால் படி கிடையாது. மொத்த யூனிட்டுக்கும் ஒரே விலை. அதனால் அந்த இடத்தில் தொகை சட்டென்று ஒரு தாவு தாவும். தாவிய இடைவெளியில் இருக்கும் தொகைகளைப் பாருங்கள். அந்த ரூபாய்க்கு யூனிட் கட்டணம் யார் வீட்டுக்கும் வராது, ஏனென்றால் எந்த யூனிட்டைக் கொடுத்தாலும் அந்தத் தொகை கிடைக்காது.

ரூபாய் எல்லாம் சேர்ந்தது துணை மதிப்பகம். நிஜமாக வரக்கூடிய தொகைகள் மட்டும் வீச்சகம். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேல் சார்பு. இங்கே இல்லை. நேர்மாறு வேண்டுமானால் இந்த இடைவெளித் தொகைகளை ஒதுக்கிவிட்டு, வீச்சகத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேர்மாறை வரைபடத்தில் எப்படிப் பார்ப்பது?

இதை வாயால் சொல்வதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. கிராஃப் தாளில் இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு எடுங்கள். சா(க) = 2க + 1 என்ற கோட்டை நல்ல கறுப்புப் பென்சிலால் அழுத்தி வரையுங்கள். (0, 1), (1, 3), (2, 5), (3, 7) புள்ளிகள் போதும். அப்புறம் மூலைவிட்டமாகப் போகும் வ = க கோட்டை ஸ்கேல் வைத்து மெல்லிசாகப் போடுங்கள். அந்தக் கோட்டின் மேலேயே தாளை உள்பக்கமாக மடித்து, பின்பக்கம் நகத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள்.

சாம்பல் நிறத்தில் மங்கலாக இன்னொரு கோடு விழுந்திருக்கும். அதன் மேல் (1, 0), (3, 1), (5, 2), (7, 3) புள்ளிகள் இருக்கும். எல்லா ஜோடியும் இடம் மாறி இருக்கிறது. அந்த மங்கல் கோடுதான் நேர்மாறு: (க − 1) ÷ 2. பழைய சாய்வு 2, புதிய சாய்வு 1/2. முன்னே ஒன்று நகர்ந்தால் இரண்டு ஏறினோம். இப்போது இரண்டு நகர்ந்தால் ஒன்று ஏறுகிறோம்.

மதிப்பகமும் வீச்சகமும் இடம் மாறும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இந்தச் சாம்பல் கோட்டில் இருக்கிறது. ஒரு முறை மடித்துப் பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

ஒரு சார்பும் அதன் நேர்மாறும் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளுமா?

மூலைவிட்டக் கோட்டின் மேல் வெட்டிக்கொள்ளலாம். அந்தப் புள்ளியில் கொடுத்ததும் வந்ததும் ஒன்று. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் இதற்கு நல்ல உதாரணம். செல்சியஸை 1.8ஆல் பெருக்கி 32 கூட்டினால் ஃபாரன்ஹீட். திரும்பி வர 32ஐக் கழித்து 1.8ஆல் வகுக்க வேண்டும். பாலக்காட்டு ஏப்ரல் வெயில் 40 டிகிரி என்றால் ஃபாரன்ஹீட்டில் 104. காய்ச்சல் 98.6ஐத் தாண்டியது என்று டாக்டர் சொன்னால் செல்சியஸில் 37ஐத் தாண்டியது. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் மைனஸ் 40. போட்டுப் பாருங்கள்: 1.8 × (−40) = −72, அதனோடு 32 கூட்டினால் −40.

தனக்குத் தானே நேர்மாறாக இருக்கும் சார்பு உண்டா?

உண்டு. நூறு ரூபாயில் செலவு தெரிந்தால் மிச்சம் 100 − க. மிச்சம் தெரிந்தால் செலவும் 100 − க. முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே சூத்திரம். சாய்வு −1 ஆக இருக்கும் எல்லாக் கோட்டுக்கும் இது பொருந்தும். தாளை மடித்தால் கோடு தன் மேலேயே விழும்.

பால் சொசைட்டிச் சீட்டில் விலை இருக்கிறது. அதிலிருந்து கொழுப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியுமா?

மாடு வைத்திருக்கும் வீட்டுப் பையன் கேட்டது. முடியாது, அதற்கு அழகான காரணம் இருக்கிறது. பாலின் விலை கொழுப்பை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. கொழுப்பு அல்லாத திடப்பொருளும் சேர்கிறது. உள்ளே போவது இரண்டு எண், வெளியே வருவது ஒரே எண். கொழுப்பு கொஞ்சம் கூடி மற்றது கொஞ்சம் குறைந்தாலும் அதே விலை வரலாம். ஆகவே விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு திரும்ப வழியில்லை. சீட்டில் இரண்டில் ஒன்று தெரிந்தால் இன்னொன்றைக் கண்டுபிடிக்கலாம். விலை கொஞ்சம் குறைந்தாலும் அன்றைக்குச் சீட்டைப் படித்து வந்து இப்படிக் கேட்கிற பிள்ளையை மெச்சாமல் இருக்க முடியாது.

இதெல்லாம் எப்போது யார் கண்டுபிடித்தது?

ஒரு கணக்கைத் திருப்பிப் போடும் முறை மிகப் பழையது. 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் கணிதபாதத்தின் 28ஆம் செய்யுள் இதைத்தான் சொல்கிறது: திருப்பும்போது பெருக்கியது வகுப்பதாகும், வகுத்தது பெருக்குவதாகும், கூட்டியது கழிப்பதாகும், கழித்தது கூட்டுவதாகும். அந்த நூலுக்குப் பெரிய உரை எழுதிய நீலகண்ட சோமயாஜி நம் கேரளத்துத் திரூர் பக்கம் திருக்கண்டியூரில் இருந்தவர்.

சார்பு என்ற பெயர் அதற்கு ரொம்பப் பிந்தியது. லைப்னிட்ஸ் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘ஃபங்ஷன்’ என்ற சொல்லைக் கணிதத்துக்குக் கொண்டு வந்தார். அடைப்புக்குறி போட்டு எழுதும் வழக்கம் 1734இல் ஆய்லரிடமிருந்து வந்தது. மேலே −1 போடும் குறியீட்டை 1813இல் ஜான் ஹெர்ஷல் பயன்படுத்தினார். உங்களைக் குழப்பும் அந்தக் குறியீட்டுக்கு இருநூறு வயசுதான் ஆகிறது.

எந்த வகுப்பில் எது வரும்?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முதல் பாடம் ‘உறவுகளும் சார்புகளும்’. நேர்மாறு பதினொன்றில். கேரளத்தில் பத்தில் எண் வரிசையாகவும் கோட்டின் சரிவாகவும் வந்து, பிளஸ் ஒன்னில் சார்பு என்ற பெயரோடு இரண்டாம் பாடமாகி, பிளஸ் டூ முதல் பாடத்தில் நேர்மாறு வரும். அடுத்த பாடமே முக்கோணவியல் சார்புகளின் நேர்மாறு. ஒன்றுக்கொன்றான சார்பு என்றால் என்னவென்று புரியாமல் அந்தப் பாடத்துக்குப் போனால் மதிப்பகத்தை ஏன் குறுக்குகிறார்கள் என்பதே பிடிபடாது.

நான் எட்டாவதுதான் படித்தேன். வீட்டில் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு அம்மா கேட்டார். அக்கா, நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், திருப்பிக் கேட்டால் போதும். ‘மூணு கிலோ அரிசியும் ஒரு இருபது ரூபாய்ப் பையும் எவ்வளவு?’ என்று கேட்பதோடு, ‘பையோடு சேர்த்து 220 கொடுத்தேன், அரிசி கிலோ ஐம்பது, எத்தனை கிலோ வாங்கினேன்?’ என்று கேளுங்கள். பிள்ளை முதலில் பைக்காசைக் கழிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கழித்தால் பாடம் புரிந்துவிட்டது. நாலு கிலோ என்று சொல்லும்.

கடைசியாக ஒரு பெரிய கணக்கு கொடுங்கள்.

நம் ஊர்க் கணக்கே தருகிறேன். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர், அதாவது 7,250 மில்லியன் கன அடி. சித்தூர் வயல்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஏற்கெனவே 1,200 மில்லியன் கன அடி வந்துவிட்டது, இனி விடாமல் விநாடிக்கு 400 கன அடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பங்கும் வர எத்தனை நாள் ஆகும்?

ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆகவே ஒரு நாளுக்கு 400 × 86,400 = 3,45,60,000 கன அடி, அதாவது 34.56 மில்லியன். நாள் நா, வந்த நீர் நி என்றால்

நி = 34.56 நா + 1,200

சாய்வு ஒரு நாள் வரத்து, வெட்டுத்துண்டு ஏற்கெனவே வந்தது. நேர்மாறு

நா = (நி − 1,200) ÷ 34.56

நிக்கு 7,250 போட்டால் 6,050 ÷ 34.56. 175 நாளில் 6,048 வந்துவிடும். மீதி இருக்கும் 2 மில்லியன் கன அடிக்கு 176ஆம் நாளில் எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை நீங்கள் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் விடை வந்தால் சரி.